யாரும் பாக்கல

காலையில் மோட்டார் ஓடினால் ஹவுஸ் ஓனர் கக்கூஸில் இருக்கிறார் என்று அர்த்தம். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருஷம் ஆனது. அந்த ஒரு வருஷமும் அந்த மனிதரைத் தண்ணீர்ப் பைத்தியம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். டேங்க் நிரம்பி வழியும். மொட்டைமாடிக் கொடியில் நான் காயப்போட்ட யூனிஃபார்ம் மேல் அருவி மாதிரிக் கொட்டும். மேலேயிருந்து "சார், மோட்டார்!" என்று கத்துவேன். நிற்காது. கொஞ்ச நேரம் கழித்துத் தானாக நிற்கும். அப்புறம் அவர் ஈரக் காலோடு வாசலுக்கு வந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி செம்பருத்திச் செடியைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

விஷயம் இதுதான். அவர் உள்ளே போகிற சத்தம் வெளியே யாருக்கும் கேட்கக் கூடாது. வெளியே இருப்பது யார்? அவர் பெண்டாட்டி. கல்யாணம் பண்ணி, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைக்கும் பிள்ளை பிறந்தாயிற்று. இருந்தாலும் அந்த அம்மாவுக்குக் கேட்டுவிடக் கூடாது. அதற்காக மோட்டார்.

வீடு அஸ்தினாபுரத்தில் இருந்தது. கீழே அவர்கள், மேலே ஒரு ரூம், கிச்சன், பாத்ரூமோடு நான். இப்போது அந்த வீடு இல்லை. இடித்துவிட்டு ஃப்ளாட் கட்டிவிட்டார்கள். அவர்கள் மகனோடு பெங்களூருக்குப் போய்விட்டார்கள். அவர் பெயரை எழுத மாட்டேன். இந்தச் சமாச்சாரத்தோடு சேர்த்து எழுதினால் மனிதர் கூச்சத்திலேயே செத்துப்போவார்.

ஏதோ அரசாங்க ஆபீஸில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சர்ச்சுக்குப் போவார். நல்ல மனிதர். ஆனால் உடம்பு என்று ஒன்று தனக்கு இருப்பதையே ஒத்துக்கொள்ள மாட்டார். ஜட்டியை அவர் "அந்தத் துணி" என்பார். கொடியில் அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடித்தான் காயவைப்பார். அது எப்படிக் காயும்? காயாது. மழைக்காலத்தில் நாறும். ஒருமுறை மருந்துக்கடைக்கு வெளியே அவர் நிற்பதைப் பார்த்தேன். கடையில் கூட்டம் குறையக் காத்திருக்கிறார். எல்லோரும் போன பிறகு உள்ளே போய், வெளியே எனக்கே கேட்காத குரலில் எதையோ கேட்டார். கடைக்காரர் உரக்கக் கேட்டார்: "இசப்கோலா? ஏன் சார், மோஷன் போகலையா?" அவ்வளவுதான். வாங்காமலே இறங்கிவிட்டார். வெயிலில் சிட்லபாக்கம் வரைக்கும் நடந்துபோய் வேறு கடையில் வாங்கியிருக்கிறார். திரும்பி வரும்போது பொட்டலத்தைப் பைபிள் மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார்.

எனக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். என் வேலை அப்படி. நான் குரோம்பேட்டையில் ஒரு ஸ்கேன் சென்டரில் இருக்கிறேன். படம் எடுக்கிறவள் இல்லை, ஹாலில் நிற்கிறவள். வயிற்று ஸ்கேனுக்கு வருகிறவர்களைத் தண்ணீர் குடிக்கவைத்து உட்காரச் சொல்வேன். மூத்திரப்பை நிரம்பினால்தான் படத்தில் உள்ளே இருப்பது ஒழுங்காகத் தெரியும். அவ்வப்போது ஹால் நடுவில் போய் நின்று, "யாருக்கு முட்டுது?" என்று கேட்பேன். கை தூக்குகிறவர்களை உள்ளே அனுப்புவேன். கலெக்டராக இருந்தாலும் என்னிடம் கை தூக்கித்தான் ஆக வேண்டும். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? எல்லோருக்கும்தான் முட்டுகிறது.

ஆக, வெளியே ஊரார் மூத்திரம். வீட்டுக்கு வந்தால் பூனை மூத்திரம். அதுதான் என் பிழைப்பாக இருந்தது.

பூனையின் பெயர் பொட்டு. வெள்ளைப் பூனை, நெற்றியில் கறுப்பாக ஒன்று. ஸ்கேன் சென்டர் ஜெனரேட்டருக்கு அடியில் கிடந்தது. கூடப் பிறந்ததுகளைத் தெருநாய்கள் என் கண் முன்னாலேயே முடித்துவிட்டன. இதை மட்டும் பையில் போட்டு எடுத்துவந்தேன். அதனால் வெளியே விடுவதே இல்லை. உள்ளேயே வளர்ந்தது. உள்ளேயே போனது. கால்மிதியில் போகும். கட்டிலுக்கு அடியில் போகும். ஒருமுறை என் கைப்பைக்குள் போய்விட்டது. நான் பார்க்கும்போது போகவே போகாது. பாத்ரூமில் கொண்டுபோய் விட்டுக் கதவருகே காவல் நிற்பேன். அதுவும் உட்கார்ந்து என்னையே பார்க்கும். "போய்த் தொலையேன், சனியனே" என்று கத்துவேன். வெளியே ஓடிவந்து, நான் அந்தப் பக்கம் திரும்பின நேரம் பார்த்து அரிசி டப்பாவுக்குப் பின்னால் போய்விடும்.

ஒருநாள் ஹவுஸ் ஓனர் மாடிப்படியில் ஏறி வந்தார். முழுக்க ஏற மாட்டார். தனியாக இருக்கிற பெண் வீட்டு வாசலுக்கு எப்படி வருவது? இரண்டு படி கீழே நின்று சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"ஏம்மா... ஒரு விஷயம்."

"சொல்லுங்க சார்."

"மேலேர்ந்து ஒரு காத்து."

"காத்தா?"

"ஒரு மாதிரி காத்து. ஆன்ட்டி ஜெபம் பண்றப்ப... கொஞ்சம்..."

"ஃபேன் காத்தா சார்?"

"இல்லம்மா. அந்த... ஜீவன்..."

"பூனையா?"

"ஆங். அது. அதோட... அது வந்து..."

எனக்கு முதல் வார்த்தையிலேயே புரிந்துவிட்டது. அவரே சொல்லட்டும் என்றுதான் நின்றேன். சொல்லுகிற வழியாக இல்லை. வேலைக்கு நேரமாகிறது.

"மூத்திரம் நாறுதா சார்?"

கன்னத்தில் அறைந்த மாதிரி அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். தெருவில் யாராவது கேட்டுவிட்டார்களா என்று எட்டிப் பார்த்தார். "மெதுவா பேசும்மா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். மோட்டார் ஓடியது.

அவர் மனைவிக்கு இந்தக் கஷ்டமெல்லாம் கிடையாது. நான் ஆன்ட்டி என்று கூப்பிடுவேன். மறுநாள் நேராக மேலே வந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"உன் பூனை மூத்திரம் என் பிரேயர் ரூம் வரைக்கும் நாறுது. கிறிஸ்மஸுக்குப் பையன், மருமக, பேத்தி எல்லாம் வராங்க. அதுக்குள்ள இது நிக்கணும். நிக்கலன்னா பூனைய பள்ளிக்கரணை பக்கம் கொண்டுபோய் விட்டுடு. எலி புடிச்சிப் பொழைச்சிக்கும்."

"நாய் புடிச்சிடும் ஆன்ட்டி."

"அப்ப நீயும் அதும் சேந்து காலி பண்ணிடுங்க. எனக்கு ஒண்ணும் கோவம் இல்லம்மா. நாத்தம் தாங்கல."

கோபம் இல்லையாம். வீடு காலி செய்யச் சொல்லுகிறவர்கள் எல்லோரும் இதைத்தான் சொல்லுகிறார்கள்.

எனக்குப் புருஷன் இல்லை. ஏன் இல்லை என்பது வேறு கதை, இங்கே வேண்டாம். புருஷன் இல்லாத பெண்ணுக்கு இந்தப் பக்கத்தில் வீடு கிடைப்பது எப்படி என்று தேடிப் பார்த்தவளுக்குத்தான் தெரியும். தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வரைக்கும் படி ஏறி இறங்கியிருக்கிறேன். "கூட யாரு இருப்பாங்க?" என்பார்கள். "பூனை" என்பேன். கதவு மூடும். இந்த ஹவுஸ் ஓனர் ஒருவர்தான் ஒன்றுமே கேட்கவில்லை. "வீட்டுக்காரர்..." என்று ஆரம்பித்தார். "இல்ல சார்" என்றேன். காது மடல் சிவந்துபோய், "சரிம்மா, சரிம்மா, வந்துடுங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டார். மேற்கொண்டு கேட்கக் கூச்சம். அந்தக் கூச்சத்தில்தான் எனக்கு வீடு கிடைத்தது. அதை விட்டால் எனக்கும் பொட்டுவுக்கும் வேறு போக்கிடம் இல்லை.

அதே கூச்சத்தால்தானோ என்னவோ, காலி செய் என்று என்னிடம் சொல்லவும் அவருக்கு வாய் வரவில்லை. ஆன்ட்டி சத்தம் போட்டுவிட்டுப் போன மறுநாள், அதே இரண்டு படி கீழே வந்து நின்றார்.

"பழக்கிடலாம்மா. போன்ல எல்லாம் போட்டிருக்காங்க. மண்ணுல பழக்கணுமாம். மண்ணுக்கு நான் சொல்றேன்."

"நானே பாத்துக்கறேன் சார்."

"இல்லம்மா. நல்ல மண்ணா இருக்கணும். நான் சொல்லிடறேன்."

எங்கள் தெருவுக்குக் கடற்கரைப் பக்கத்திலிருந்து ஒரு அக்கா மீன் கொண்டுவருவார். அவரிடம் சொல்லியிருக்கிறார். இரண்டு நாள் கழித்து ஒரு சிமெண்ட் சாக்கில் மண் வந்தது. பொடி மண், நல்ல வெள்ளை. ஒரு பழைய பேசினில் கொட்டிப் பாத்ரூமில் வைத்தேன். பொட்டு ஓடிவந்தது. மோந்து பார்த்தது. உருண்டது, புரண்டது. மண்ணை நக்கியது. பேசினுக்குள்ளேயே சுருண்டு படுத்துத் தூங்கிவிட்டது. ராஜ வாழ்க்கை. மூத்திரம் மட்டும் என் யூனிஃபார்மில் போனது.

மறுநாள் மீன்காரக்கா வந்தபோது நான் கீழே இறங்கிப் போனேன். ஹவுஸ் ஓனரும் நின்றிருந்தார்.

"இன்னாக்கா மண்ணு இது? பூனை அதுலயே குடித்தனம் பண்ணுது."

"புடிச்சிருக்கா?" அக்காவுக்கு ஒரே சந்தோஷம். "எனக்குத் தெரியும்மே. பூனைக்கு மண்ணு வோணும்னு சார் கேட்டாரு. பூனைக்குன்னா சும்மா மண்ணா குடுக்கறது? கருவாடு காயப்போடற எடத்துல அள்ளினு வந்தேன். வாசன கீதுல்ல? ஆசையா வரும்."

"அது பேளறதுக்குக்கா!"

அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டு ஹவுஸ் ஓனரைத் திரும்பிப் பார்த்தார். "இன்னா சார் நீ? வெளிக்கிப் போவன்னு ஒரு வார்த்த வாயத் தொறந்து சொல்ல வேணாமா? வெளையாட வெக்கறதுக்குன்னு நெனச்சேன் நானு. பேஜார் புடிச்ச ஆளு சார் நீ."

அவர் செம்பருத்திச் செடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். 

அந்த மண்ணைக் கொட்டிவிட்டு நானே எதிர் மனைக்குப் போனேன். அங்கே வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். "அண்ணா, பூனை பேள ரெண்டு பாண்டு சட்டி மண்ணு வேணும்" என்றேன். "அள்ளிக்க அக்கா" என்றார் மேஸ்திரி. முடிந்தது. இவ்வளவுதான் வேலை.

ஆனால் மண் மாறியும் பூனை மாறவில்லை. அப்போதுதான் ஹவுஸ் ஓனர் படி முழுக்க ஏறி முதல்முறையாக என் வீட்டுக்குள் வந்தார். ஆன்ட்டி காலை ஜெபக் கூட்டத்துக்குப் போகிற நேரம். டேங்க் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். வாசல் கதவை அகலத் திறந்து வைக்கச் சொன்னார். பாத்ரூமை எட்டிப் பார்த்தார். என் பாத்ரூமில் இருந்தது தரையோடு பதித்த இந்தியன் டைப் பீங்கான்.

"நல்லதாப் போச்சு" என்றார். "பேசினை அதுமேல வைங்க. அப்புறம் மண்ணக் கொறைச்சிக்கிட்டே வரலாம். கடைசில பேசினை எடுத்துட்டா அது நேரா... அங்கயே..."

"பீங்கான்ல பேளும்."

"ஆங்."

"அது எங்க சார் போகுது? உக்காந்து என் மூஞ்சியைத்தான பாக்குது?"

"நீங்க பாக்கறீங்க, அது பாக்குது. நீங்க இப்படிக் கதவாண்ட நின்னு கத்தினா எப்படிம்மா போகும்?"

"பூனை சார் அது. அதுக்கென்ன வெக்கமா மானமா?"

அவர் என்னை நேராகப் பார்த்தார். அவ்வளவு நாளில் அதுதான் முதல் தடவை.

"போனப்புறம் மண்ணப் போட்டு மூடுதுல்ல? நாய் மூடுதா, மாடு மூடுதா? வெக்கம் இல்லாததா மூடும்?"

எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அவர் பாத்ரூம் ஜன்னலைச் சாத்தினார். வாளியைச் சத்தமில்லாமல் நகர்த்தினார். கதவில் தன்னுடைய பழைய வேட்டி ஒன்றைத் திரையாகக் கட்டினார். பொட்டுவை உள்ளே விட்டார். விட்டுவிட்டு, கதவுக்கு முதுகைக் காட்டி, என் காலண்டரைப் பார்த்து நின்றுகொண்டார். என்னையும் திரும்பி நிற்கச் சொன்னார். பிறகு மெதுவாக, தூங்குகிற குழந்தையிடம் பேசுகிற மாதிரி, "போம்மா, போ. யாரும் பாக்கல. யாரும் பாக்கல" என்றார்.

வேலைக்குப் போகிற அவசரத்தில், சொந்த வீட்டில், சுவரைப் பார்த்து நிற்கிறேன். பக்கத்தில் ஒரு ரிட்டயர்டு கிளார்க் பூனைக்குச் சமாதானம் சொல்கிறார். தலையில் அடித்துக்கொள்ளக்கூட முடியவில்லை, சத்தம் கேட்குமாம்.

உள்ளே மண்ணைப் பறிக்கிற சத்தம் கேட்டது.

அன்றிலிருந்து தினமும் இதே கூத்து. மண் குறைந்தது. பேசின் போய் ஒரு தட்டு வந்தது. தட்டும் போனது. பொட்டு பீங்கான் ஓரத்தில் உட்கார்ந்து போகப் பழகிவிட்டது. ஆனால் அவர் வந்து முதுகைக் காட்டி நின்று அந்த வார்த்தையைச் சொன்னால்தான் போகும். நான் சொன்னால் போகாது. "யாரும் பாக்கல, போ" என்று நானும் சொல்லித்தான் பார்த்தேன். "நீங்க சொல்றது அதட்டற மாதிரி இருக்கும்மா" என்றார். அதட்டாமல் எனக்குப் பேச வராது. என்ன செய்ய?

இதற்கு நடுவில் கீழே மோட்டார் ஓடுவது அதிகமாகிக்கொண்டே போனது. காலையில் மட்டும் ஓடினது, பத்து மணிக்கு ஓடியது, மத்தியானம் ஓடியது, சாப்பிட்டுக் கை கழுவுமுன் மறுபடி ஓடியது. லீவு நாளில் என்னால் கொடியில் ஒரு துணி போட முடியவில்லை. மாடி பாசி பிடித்து வழுக்கியது. ஆன்ட்டி கரண்ட் பில்லைப் பற்றிக் கத்துவார். "நிரம்பின டேங்குக்கு எதுக்குங்க மோட்டார்? உங்களுக்கு மறதி வந்துடிச்சா?" "ஆமாம்மா, மறந்துட்டேன்" என்பார் அவர். மறதிக்காரன் என்று பெயர் வாங்கினாலும் வாங்குவாரே ஒழிய உண்மையைச் சொல்ல மாட்டார். நானும் மேலேயிருந்து கத்துவேன். இரண்டு பெண்கள் மேலும் கீழுமாகக் கத்த, நடுவில் அந்த மனிதர் செம்பருத்தியைப் பார்த்துக்கொண்டு நிற்பார். முகம் வெளுத்திருக்கும்.

டிசம்பர் பிறந்த சமயம் என்னைப் பெருங்களத்தூர் கிளைக்கு அனுப்பினார்கள். அங்கே ஹாலில் நிற்கிற பெண் லீவு. நல்ல கூட்டம். வழக்கம்போல நடுவில் போய், "யாருக்கு முட்டுது? முட்டறவங்க கை தூக்குங்க" என்றேன். நாலைந்து கை வந்தது. அனுப்பினேன். மூலையில் ஒருவர் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டிருந்தார். நான் ஒவ்வொரு தடவை கேட்டபோதும் அந்தப் பேப்பர் அசையவே இல்லை. அவருக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்கே போய்விட்டார்கள். பேப்பருக்குக் கீழே இரண்டு கால்களும் கயிறு மாதிரிப் பின்னிக்கொண்டிருந்தன. செருப்பைப் பார்த்தேன். தினமும் என் வாசலில் பார்க்கிற செருப்பு.

பேப்பரைப் பிடித்து இழுத்தேன்.

"சார்! முட்டுதா?"

என்னைப் பார்த்ததும் அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நீங்க குரோம்பேட்டைலதான இருப்பீங்க?" என்றார். தெரிந்தவர்கள் யாரும் இல்லாத இடம் வேண்டும் என்று ரயில் ஏறி இங்கே வந்திருக்கிறார்.

"முட்டுதா, இல்லையா?"

"மெதுவாம்மா..." என்றார். கண்ணை மூடித் திறந்தார். அதுதான் ஆமாம். உள்ளே அனுப்பினேன்.

ஆம்பளைகளுக்கு அந்த ஸ்கேனில் இரண்டு படம். நிரம்பின பையை ஒரு தடவை பார்த்துவிட்டு, போய்விட்டு வரச் சொல்லி மறுபடி பார்ப்பார்கள். உள்ளே எவ்வளவு தங்குகிறது என்று அதில்தான் தெரியும். அங்கே கக்கூஸ் ஹாலை ஒட்டியே இருக்கிறது. கதவுக்குக் கீழே இடைவெளி. வெளியே எப்போதும் மூன்று நான்கு பேர் நிற்பார்கள், தட்டுவார்கள். அவர் உள்ளே போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"போனீங்களா?"

"ஆச்சும்மா."

"ஆகல. ஆன மூஞ்சியா இது?"

அவர் மறுபடி பேப்பரைத் தேடினார்.

"சார், இங்க பாருங்க. இப்படியே போய்ப் படுத்தீங்கன்னா ஒரு சொட்டும் வெளிய வரலன்னு டாக்டர் எழுதுவாரு. டியூப் போட்டு, பையத் தொங்கவிட்டு அனுப்புவாங்க. அந்தப் பையக் கையில புடிச்சிக்கிட்டு நம்ம தெருவுல நடந்து வருவீங்களா?"

"வரமாட்டேங்குதும்மா" என்றார். "வீட்லயே வரமாட்டேங்குது. முட்டிக்கிட்டு வருது, போனா வரல. திரும்பத் திரும்பப் போறேன். இங்க எப்படி வரும்?"

அப்போதுதான் எனக்கு மோட்டார் புரிந்தது. காலை, பத்து மணி, மத்தியானம், எல்லாம். இவ்வளவு நாளும் அந்த மனிதர் டேங்க் வழியத் தண்ணீரைக் கொட்டிக் கொட்டி மறைத்தது இதைத்தான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எப்போதோ கூட்டி வந்திருப்பேனே!

கக்கூஸ் பக்கம் நின்றவர்களை, "கிளீன் பண்றாங்க, எல்லாரும் அந்தப் பக்கம் போங்க" என்று விரட்டினேன். கை கழுவுகிற குழாயை முழுக்கத் திறந்துவிட்டேன். அவரை உள்ளே அனுப்பி, கதவுக்கு முதுகைக் காட்டி நின்றேன். என்ன சொல்வது என்று யோசிக்கவே இல்லை. தானாக வந்தது. முடிந்தவரை அதட்டாமல் சொன்னேன்.

"போங்க சார். யாரும் பாக்கல."

ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. குழாய்த் தண்ணீர் மட்டும் ஓடியது.

"யாரும் பாக்கல சார். போங்க."

பிறகு, தெருக்குழாயில் தண்ணீர் நிற்கப்போகிற நேரத்தில் சொட்டுகிற மாதிரி, விட்டு விட்டுச் சத்தம் வந்தது. நான் எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த ரேட் போர்டைப் படித்துக்கொண்டு நின்றேன்.

வயசான ஆம்பளைகளுக்கு வருகிற புராஸ்டேட் வீக்கம்தான். மாத்திரையில் அடங்கும், முற்றவிட்டால் கஷ்டம் என்றார் டாக்டர். அவரை ஸ்டேஷன் வரைக்கும் கொண்டுபோய் விட்டேன்.

"ஆன்ட்டிகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்றேன். நீங்க சொல்லாதீங்க. நீங்க சொன்னா தெருவுக்கே கேக்கும்."

சொல்லவில்லை. மாத்திரை அட்டையை வீட்டில் வைத்தால் ஆன்ட்டி பார்த்துவிடுவார் என்று என் ஃப்ரிட்ஜ் மேல் கொண்டுவந்து வைத்தார். காலையில் பூனையைப் போகவைக்க வருவார். அது போனதும் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு இறங்குவார். என் வீடு என்ன வீடா, ஆஸ்பத்திரியா? "இன்னிக்கி சொன்னீங்களா சார்?" என்று தினமும் கேட்பேன். "நாளைக்கி" என்பார்.

கிறிஸ்மஸுக்கு முதல் நாள் ஆன்ட்டி மேலே வந்தார். மகன் குடும்பம் சாயங்காலம் வருகிறது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு ரூம் முழுக்கச் சுற்றினார்.

"நாத்தம் கொறைஞ்சிருக்கு. ஆனா நான் கண்ணால பாக்கணும். எங்க போகுது அது?"

"பாத்ரூம்ல ஆன்ட்டி. பீங்கான்ல."

"பூனையா? பீங்கான்லயா? எங்க, போகச் சொல்லு பாப்போம்."

பொட்டுவை உள்ளே விட்டேன். ஆன்ட்டி வேட்டித் திரையை விலக்கி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு எதிரேயே நின்றார். பொட்டு பீங்கான் ஓரத்தில் உட்கார்ந்து அவரைப் பார்த்தது. எழுந்து வெளியே வந்து கட்டிலுக்கு அடியில் போகப் பார்த்தது. நான் அமுக்கிப் பிடித்து மறுபடி உள்ளே விட்டேன். மறுபடி வந்தது.

"போதும்மா" என்றார் ஆன்ட்டி. "எனக்குக் காது குத்தாத. ஜனவரி ஒண்ணாந்தேதி வேற வீடு பாத்துக்க."

"ஆன்ட்டி, சார்..."

"அவர ஏன் இழுக்கற?"

அவர் வாசல்படியில்தான் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது.

"திரும்பி நில்லும்மா" என்றார்.

"யாரு, நானா? எதுக்கு?"

"நீ பாத்தா அது போகாது. திரும்பிக்க."

"பூனைக்கு முன்னாடி நான் மூஞ்சியத் திருப்பிக்கணுமா? உங்களுக்கு என்னங்க ஆச்சு? மறதிதான்னு பாத்தா இப்ப..."

"திரும்பி நில்லுடி!"

அந்த மனிதர் கத்தி நான் கேட்டதே இல்லை. ஆன்ட்டியும் கேட்டிருக்க மாட்டார்.

"அதுக்கு மூத்திரம் வருது! நீ நின்னு பாத்தா வராது! எனக்கும் வராது! மாசக்கணக்கா எனக்கும் மூத்திரம் வரல! அதுக்குத்தான் மோட்டார் போடறேன்! மறதி இல்ல! மூத்திரம்! திரும்பி நில்லு!"

எதிர் மனையில் கலவை கலக்குகிற மண்வெட்டிச் சத்தம் நின்றுவிட்டது. தெருவே நின்றுவிட்டது.

ஆன்ட்டி திரும்பினார். சுவரைப் பார்த்து நின்றார். நானும் திரும்பினேன். அவரும் திரும்பினார். மூன்று பேரும் மூன்று சுவரைப் பார்த்து நின்றோம். அவருக்கு மூச்சு வாங்கியது. கொஞ்சம் பொறுத்து, அதே பழைய குரலில், "போம்மா. யாரும் பாக்கல" என்றார்.

நகம் தரையில் உரசுகிற சத்தம். பிறகு பீங்கானில் சத்தம் வந்தது, நன்றாக, நிற்காமல். ஆன்ட்டி பக்கமிருந்து ஒரு விசும்பல் மாதிரி வந்தது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று திரும்பிப் பார்க்க முடியாது. பூனை இன்னும் முடிக்கவில்லை.

முடித்ததும் ஆன்ட்டி ஃப்ரிட்ஜ் மேலிருந்த மாத்திரை அட்டையை எடுத்துப் படித்துப் பார்த்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டே அவருக்குப் பின்னால் படி இறங்கினார். ஜனவரி ஒன்றாம் தேதி வந்தது, போனது. வீட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. பூனை போக வேண்டும் என்றால் அவர் மேலே வர வேண்டும், இப்போது டேங்க் பார்க்க என்று பொய் சொல்லாமலே வந்தார்.

அவர் கத்தின அன்றைக்கு, அவர்கள் இறங்கிப் போன கொஞ்ச நேரத்தில் கீழே மோட்டார் ஓடியது. கொடியில் துணி இருந்தது. "சார், மோட்டார்!" என்று கத்த வாயைத் திறந்தேன். அதற்குள் பாதியில் நின்றுவிட்டது. அவர் நிறுத்தவில்லை, ஆன்ட்டிதான் நிறுத்தினார். "அதப் போடாதீங்க. நான் பாடறேன், நீங்க போங்க" என்கிற குரல் மேலே வரைக்கும் கேட்டது. கக்கூஸ் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, ஒரு கிறிஸ்மஸ் பாட்டை ஆன்ட்டி முழுத் தொண்டையில் பாட ஆரம்பித்தார்.

அதற்கப்புறம் அந்த வீட்டை இடிக்கிற வரைக்கும் மோட்டார் தேவைக்குத்தான் ஓடியது. ஆன்ட்டிக்குச் சுருதியும் கிடையாது, தாளமும் கிடையாது. டிசம்பர் போய் மே மாசம் வந்தாலும் அதே கிறிஸ்மஸ் பாட்டுத்தான், காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. என் துணி ஒருநாளும் நனையவில்லை. காதுதான் போயிற்று.